கிளவுட் பேக்கப்பா, கிளவுட் ஹோஸ்டிங்கா? தொழிலுக்கு எது வேண்டும் என்று முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

"எங்க டேட்டா எல்லாமே கிளவுட்லதான் இருக்கு. அப்புறம் எதுக்குத் தனியா பேக்கப்?"

சிறு நிறுவனங்களுக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுக்கும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் ஒன்றும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. விற்கிறவர்களே இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒரே மேகப் படத்தைப் போட்டு விற்கும்போது குழப்பம் வரத்தான் செய்யும்.

2021 மார்ச் 10-ம் தேதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஹெச்கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுக்க எரிந்துபோனது, பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பகுதியும் சேதமானது. அங்கே சர்வர் வாங்கியிருந்தவர்களுக்கு நிறுவனர் ஆக்டேவ் கிளாபா ட்விட்டரில் சொன்னது இவ்வளவுதான்: உங்கள் பேரிடர் மீட்புத் திட்டத்தைத் தொடங்குங்கள். திட்டம் வைத்திருந்தவர்கள் தொடங்கினார்கள். ரஸ்ட் என்ற இணைய விளையாட்டின் ஐரோப்பிய சர்வர்கள் சில அங்கே இருந்தன. அவற்றிலிருந்த தரவு திரும்பக் கிடைக்கவே இல்லை.

அவர்கள் எல்லோரும் கிளவுடில்தான் இருந்தார்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்கியிருந்தது ஹோஸ்டிங்.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

ஹோஸ்டிங் என்பது உங்கள் வேலை ஓடும் இடம். இணையதளம், ஆர்டர் வாங்கும் செயலி, கணக்கு மென்பொருள் என்று எதுவாக இருந்தாலும் அது இயங்க ஒரு சர்வர் வேண்டும். அதை உங்கள் அலுவலக மூலையில் வைக்காமல் வேறொருவரின் தரவு மையத்தில் வாடகைக்கு எடுக்கிறீர்கள். அங்கே இருக்கும் தரவு உயிருள்ள தரவு. ஒருவர் ஒரு ஆர்டரை அழித்தால் அந்த நொடியே அது அழிந்துவிடும். சர்வர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

பேக்கப் என்பது நேற்றைக்குத் திரும்பிப் போகும் வழி. அங்கே எதுவும் ஓடாது. நேற்று இரவு, போன வாரம், போன மாதம் உங்கள் தரவு எப்படி இருந்ததோ அப்படியே தனித்தனி நகல்களாக வேறோர் இடத்தில் சும்மா கிடக்கும். கடையை வாடகைக்கு எடுப்பது ஒன்று, கடைப் பத்திரத்தின் நகலை வேறு வீட்டில் வைப்பது இன்னொன்று. கடை எவ்வளவு உறுதியான கட்டடமாக இருந்தாலும் இரண்டாவது வேலை மிச்சம் இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதுதான் பலரை ஏமாற்றுவது: சிங்க். கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் எல்லாம் உங்கள் ஃபோல்டரின் இன்றைய நிலையை எல்லாக் கணினிகளிலும் ஒன்றுபோல் வைக்கின்றன. ஒரு கணினியில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரல்) புகுந்து கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்புகளும் ஒன்றுபோல் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி இவற்றில் உண்டுதான். ஆனால் அதற்கு நாள் கணக்கு இருக்கிறது. ஜிமெயிலில் குப்பைக்குப் போன மெயில் 30 நாள்தான் அங்கே இருக்கும். தொழிலுக்கான ஒன்டிரைவிலும் ஷேர்பாயின்டிலும் அழித்த கோப்பு 93 நாள். நான்காவது மாதம் தேடினால் கிடைக்காது. வேலையை விட்டுப் போன ஒருவர் என்ன அழித்தார் என்பது பெரும்பாலும் நான்காவது மாதம்தான் தெரியவரும்.

படி 1: ஒரு தாளில் பட்டியல் போடுங்கள்

எந்தச் சேவையின் விலைப் பக்கத்தையும் இப்போது திறக்க வேண்டாம். ஒரு தாளை எடுத்துக்கொண்டு அலுவலகத்தைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரே கேள்வி: "இந்தக் கணினி இன்றைக்கு ராத்திரி திருடு போனால் நாளைக் காலையில் உங்களுக்கு எது இல்லாமல் போகும்?"

பதில்கள் வேடிக்கையாக இருக்கும். பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தில் இப்படிச் சுற்றியபோது முதலாளி சொல்லியிருந்த பட்டியலில் மூன்று வரிதான்: கணக்கு, இணையதளம், மெயில். சுற்றி முடித்தபோது பதினொரு வரி ஆகியிருந்தது. வடிவமைப்பாளரின் ஆறு வருட வேலை முழுவதும் ஒரே வெளிவட்டில் (எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்), ரப்பர் பேண்ட் போட்டு மேசை டிராயருக்குள் இருந்தது. வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்கள் விற்பனையாளரின் சொந்த மொபைலில். ஊதியக் கணக்கு ஒரு எக்செல் கோப்பில், அதன் பாஸ்வேர்ட் ஒருவருக்கு மட்டும் தெரியும்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே நான்கு விஷயங்களை எழுதுங்கள்: அது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, யார் யார் தொடுகிறார்கள், போனால் மறுபடி உருவாக்க முடியுமா. கடைசிக் கேள்விக்கு எப்போதும் அதிக எடை. விண்டோஸையும் மென்பொருளையும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், அவற்றுக்குப் பேக்கப் இடத்தை வீணாக்க வேண்டாம். வாடிக்கையாளர் அங்கீகரித்த வரைபடத்தை மறுபடி இறக்க எங்கே போவீர்கள்?

படி 2: இரண்டு எண்களைக் கண்டுபிடியுங்கள்

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் வேண்டும். எவ்வளவு நேரத்து வேலை போனால் தாங்குவோம்? எவ்வளவு நேரம் இது இல்லாமல் தொழில் நடக்கும்? துறையில் முதலாவதை ஆர்பிஓ என்றும் இரண்டாவதை ஆர்டிஓ என்றும் சொல்வார்கள். விற்பனையாளர் இந்தப் பெயர்களை உதிர்த்தால் மிரள வேண்டாம், அர்த்தம் அவ்வளவுதான்.

கணக்கு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். நேற்று இரவு எடுத்த பேக்கப் இருக்கிறது, இன்று மாலை வட்டு பழுதாகிவிட்டது. போனது ஒரு நாள் வேலை. பில்கள் காகிதமாகக் கையில் இருந்தால் ஒருவர் அரை நாள் உட்கார்ந்து மறுபடி ஏற்றிவிடலாம். ஆக, ஆர்பிஓ ஒரு நாள், தினம் ஒரு பேக்கப் போதும். ஆர்டிஓவும் ஒரு நாள் என்றால் பெரிய செலவே தேவையில்லை.

இணையதளத்தில் ஆர்டர் வாங்குகிறீர்கள் என்றால் கணக்கே வேறு. அங்கே காகிதம் இல்லை. ஒரு மணி நேரத்துப் பதிவு காணாமல் போனால், பணம் கட்டிய வாடிக்கையாளர் இருப்பார், அவர் என்ன வாங்கினார் என்ற விவரம் இருக்காது. பணம் வாங்கும் சேவையின் பதிவிலிருந்து தொகை தெரியும், பொருள் தெரியாது. இங்கே ஒரு மணி நேரத்துக்கு ஒரு நகல் என்பதே கொஞ்சம் தாராளம்தான்.

"எதுவுமே போகக் கூடாது, ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது" என்று சொல்ல ஆசையாக இருக்கும். எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த எண்ணுக்கு ஆகும் செலவைப் பார்த்ததும் "சரி, அரை நாள் தாங்கலாம்" என்று இறங்கி வருவார்கள். அந்த இறங்கிய எண்தான் உண்மையான எண்.

படி 3: எது வேண்டும் என்று முடிவெடுங்கள்

இப்போது பட்டியலைப் பாருங்கள், பதில் பெரும்பாலும் தானாகவே தெரியும்.

வேலை முழுவதும் அலுவலகக் கணினிகளில்தான் நடக்கிறது, வெளியிலிருந்து யாரும் அவற்றைத் தொடுவதில்லை என்றால் உங்களுக்கு வேண்டியது பேக்கப் மட்டும். ஹோஸ்டிங் விற்க வருபவரிடம் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

வாடிக்கையாளர்கள் நேரடியாகப் பயன்படுத்தும் தளமோ செயலியோ இருந்தால் ஹோஸ்டிங் வேண்டும், அதற்குத் தனிப் பேக்கப்பும் வேண்டும். இரண்டு கிளைகள் ஒரே கோப்பை மெயிலில் மாற்றி மாற்றி அனுப்பி, "இறுதி-2-புதியது-திருத்தியது" என்ற பெயரில் கோப்புகள் குவிந்து கிடந்தாலும் ஹோஸ்டிங்குக்கான நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அலுவலகச் சர்வர் கிழடாகி, எப்போது நிற்குமோ என்ற நிலைக்கு வந்திருந்தால் புதிதாக ஒன்று வாங்கும் முன் ஹோஸ்டிங் செலவையும் கணக்குப் பாருங்கள். மின்சாரம், குளிரூட்டல், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

எல்லா வேலையும் மாதச் சந்தா மென்பொருள்களில் நடக்கிறதா? அப்படியானால் ஹோஸ்டிங்கை அந்த நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. பேக்கப் உங்கள் பொறுப்பு. மைக்ரோசாஃப்ட் தன் சேவை ஒப்பந்தத்திலேயே, உங்கள் உள்ளடக்கத்தைத் தவறாமல் நீங்களே பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பரிந்துரைக்கிறது. யாரும் படிக்காத பக்கத்தில் அது இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த மாதம் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால்? பேக்கப்புக்குக் கொடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. சர்வரை இன்றைக்குக் காலையில் இழந்தால் மதியத்துக்குள் இன்னொன்றை வாடகைக்கு எடுத்துவிடலாம். ஆறு வருடக் கணக்கை வாடகைக்கு எடுக்க முடியாது.

படி 4: ஹோஸ்டிங்கைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங், சிறிய விவரத் தளத்துக்குப் போதும். ஆர்டர், உறுப்பினர் கணக்கு என்று வந்துவிட்டால் சர்வரில் ஒரு பங்கை உங்களுக்கென்று தனியாகப் பிரித்துக் கொடுக்கும் விபிஎஸ் வேண்டும். அமேசானின் ஏடபிள்யூஎஸ், மைக்ரோசாஃப்ட் அஷுர், கூகுள் கிளவுட் போன்ற பெரிய தளங்களில் எல்லாம் கிடைக்கும். ஆனால் அவற்றைக் கையாளத் தெரிந்த ஆள் உங்களிடம் இல்லையென்றால் அந்த வசதிகளில் முக்கால்வாசி உங்களுக்குப் பயன்படாது, மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துத் தலைசுற்றுவதுதான் மிச்சம். ஆள் இல்லாதவர்களுக்கு மேனேஜ்டு ஹோஸ்டிங் நல்லது. கொஞ்சம் கூடுதல் காசு, ஆனால் இயங்குதளத்தைப் புதுப்பிப்பது, பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது எல்லாம் அவர்கள் வேலை. யார் வேலை என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "சர்வர் எங்கள் பொறுப்பு, அதற்குள் இருப்பது உங்கள் பொறுப்பு" என்பதுதான் பெரும்பாலான ஒப்பந்தங்களின் சாரம்.

இயங்கும் நேரத்துக்கான உத்தரவாதம் சதவீதத்தில் எழுதப்பட்டிருக்கும். சதவீதமாகப் பார்த்தால் எல்லாமே 100-க்குப் பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும், அதனால் மணியாக மாற்றிப் பாருங்கள். 99.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 43 மணி நேரத்துக்கு மேல் நிற்கலாம். 99.9 என்றால் ஏறக்குறைய எட்டே முக்கால் மணி நேரம். 99.99 என்றால் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, சுமார் 53 நிமிடம். இதற்கு மேல் நின்றால் என்ன தருவார்கள்? பெரும்பாலும் அந்த மாத வாடகையில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வார்கள். நின்ற நேரத்தில் நீங்கள் இழந்த வியாபாரத்தை யாரும் தர மாட்டார்கள்.

தரவு மையம் உங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பக்கத்தில் இருந்தால் தளம் வேகமாகத் திறக்கும். மருத்துவம், நிதி போன்ற துறைகளில் தரவு எந்த நாட்டில் இருக்கலாம் என்பதற்குச் சட்டம் இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேவை ஆதரவைச் சோதிக்க ஒரு எளிய வழி: வாங்குவதற்கு முன்பே, விடுமுறை நாள் இரவில் ஒரு தொழில்நுட்பக் கேள்வியை அனுப்பிப் பாருங்கள். எத்தனை மணி நேரத்தில் பதில் வருகிறது, வருவது பதிலா அல்லது "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" வகைக் கடிதமா என்பது தெரிந்துவிடும்.

அப்புறம், "இலவச தினசரி பேக்கப்" என்ற வரி. ஹோஸ்டிங் திட்டங்களில் இது அடிக்கடி வரும். வேண்டாம் என்று சொல்லவில்லை, இருந்தால் நல்லதுதான். ஆனால் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த நகல் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது? எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? என் கணக்கு முடக்கப்பட்டால் அது எனக்குக் கிடைக்குமா? ஸ்ட்ராஸ்பூர்க்கில் காசு கொடுத்துப் பேக்கப் சேவை வாங்கியிருந்த சிலருடைய நகல்களும் எரிந்துபோயின, வழக்கு நீதிமன்றம் வரை போனது.

படி 5: பேக்கப்பைத் தேர்ந்தெடுத்தல்

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தப்பு நடப்பது அதிகமும் இங்கேதான்.

முதல் விதி: ஹோஸ்டிங் இருக்கும் கணக்கிலேயே பேக்கப் இருக்கக் கூடாது. கோட் ஸ்பேசஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது, மென்பொருள் எழுதுபவர்களின் மூல நிரல்களைச் சேமித்துத் தருவது அவர்கள் தொழில். 2014 ஜூனில் ஒருவன் அவர்களுடைய ஏடபிள்யூஎஸ் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் புகுந்துவிட்டான். பணம் கேட்டான். அவர்கள் பாஸ்வேர்டை மாற்றி அவனை வெளியேற்றப் பார்த்தார்கள். அவன் ஏற்கெனவே வேறு லாகின்களை உருவாக்கி வைத்திருந்தான், கண்ணெதிரே ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தான். சர்வர்கள், சேமிப்பு, ஸ்னாப்ஷாட்கள் (ஒரு நொடியில் வட்டு இருந்த நிலையின் நகல்கள்), பேக்கப்கள். ஏறக்குறைய 12 மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விட்டது. நிறுவனம் மூடப்பட்டது. பேக்கப் இருந்தது. ஆனால் அதே சாவியில் திறக்கும் அறையில் இருந்தது.

இதற்கு நேர்மாறான கதை யூனிசூப்பருடையது. ஆஸ்திரேலியாவில் ஆறு லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள் உள்ள ஓய்வூதிய நிதி. 2024 மே மாதம் கூகுள் கிளவுடில் அவர்களுடைய தனிக் கிளவுட் அமைப்பு ஒன்று அப்படியே அழிந்துபோனது. காரணம் திருட்டு இல்லை. அமைக்கும்போது கூகுள் ஊழியர்கள் தங்கள் உள்கருவி ஒன்றில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள், அதனால் ஒரு வருடம் முடிந்ததும் அது தானாகவே கலைந்துவிட்டது. அந்த அமைப்பு ஒரே பிராந்தியத்தின் இரண்டு மண்டலங்களில் பரவியிருந்தும் இரண்டிலுமே போய்விட்டது. வேறொரு சேவை நிறுவனத்திடம் அவர்கள் பேக்கப் வைத்திருந்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் தடுமாறினாலும் திரும்ப எழுந்தார்கள்.

ஆக, தனி நிறுவனம், தனி லாகின், தனி பாஸ்வேர்ட், இரண்டடுக்கு உறுதிப்பாடு. ஹோஸ்டிங் கணக்கின் மெயில் முகவரியைக்கூட இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அந்த மெயில் திருடப்பட்டால் இரண்டுமே போய்விடும்.

இரண்டாவது, பதிப்புகள். கடைசி நகல் ஒன்று மட்டும் வைத்திருக்கும் சேவை வேண்டாம். ரான்சம்வேர் சில சமயம் வாரக்கணக்கில் பதுங்கியிருந்துவிட்டுத்தான் வேலையைக் காட்டும். தினசரி நகல் இரண்டு வாரத்துக்கு, வாராந்திர நகல் இரண்டு மாதத்துக்கு, மாதாந்திர நகல் ஒரு வருடத்துக்கு என்பது பெரும்பாலான சிறு தொழில்களுக்குப் பொருந்தும். மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் சேவையாக இருந்தால் இடமும் ரொம்ப ஆகாது.

மூன்றாவது, அழிக்க முடியாத நகல். இம்யூட்டபிள், ஆப்ஜெக்ட் லாக் என்ற பெயர்களில் வரும். குறிப்பிட்ட நாள் வரை அந்த நகலை உங்களால்கூட அழிக்க முடியாது. கோட் ஸ்பேசஸ் கதைக்கு மருந்து இதுதான். காசு கொஞ்சம் கூடினாலும் இதை விடாதீர்கள்.

நான்காவது, பூட்டும் சாவியும். தரவு உங்கள் கணினியை விட்டுக் கிளம்பும் முன்பே என்கிரிப்ட் ஆக வேண்டும் (சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற வேண்டும்), சாவி உங்களிடம் இருக்க வேண்டும். அந்தச் சாவியைத் தொலைத்தால் சேவை நிறுவனத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எனவே சாவியை ஒரு தாளில் அச்சிட்டு, அலுவலகத்துக்கு வெளியே ஓர் இடத்தில் வையுங்கள். எந்தக் கணினியைப் பேக்கப் எடுக்கிறீர்களோ அதே கணினியில் சாவியைச் சேமித்து வைத்தவரைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவது, டேட்டாபேஸ், அதாவது ஆர்டர், கணக்கு போன்ற பதிவுகளை மென்பொருள் சேர்த்து வைக்கும் இடம். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்பை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் அது மாட்டிக்கொள்ளலாம், திரும்ப ஏற்றும்போது திறக்காது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்றவற்றுக்கு முறையாக வெளியே எடுக்கும் கருவிகள் உண்டு. பேக்கப் சேவை அவற்றைப் புரிந்துகொள்கிறதா என்று கேளுங்கள்.

விற்பனையாளர்கள் இன்னொரு எண்ணையும் காட்டுவார்கள்: பதினொரு ஒன்பதுகள். அமேசான் எஸ்3 சேமிப்பின் நீடிப்புத்தன்மை 99.999999999 சதவீதம் என்று வடிவமைக்கப்பட்டது. வட்டு பழுதானால் உங்கள் கோப்பு போகாது என்பதற்கான எண் அது. நீங்களே தவறுதலாக அழித்தால் அந்தப் பதினொரு ஒன்பதுகளும் சும்மா வேடிக்கை பார்க்கும்.

விலை குறைவாக இருக்கிறதே என்று உறைநிலைச் சேமிப்பை (அடிக்கடி தொடாத தரவுக்கான மலிவு இடம்) எடுப்பவர்கள், திரும்ப எடுக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவில் ஒரு கோப்பைக் கேட்டால் வழக்கமான முறையில் 12 மணி நேரத்துக்குள், மலிவான முறையில் 48 மணி நேரத்துக்குள் கிடைக்கும். சேமித்து 180 நாளுக்கு முன்பே அழித்தாலும் 180 நாளுக்குமான காசு உண்டு. சட்டத்துக்காகப் பல வருடம் வைத்திருக்க வேண்டிய பழைய ஆவணங்களுக்கு அது அருமையான இடம். நாளைக் காலை கடை திறக்க வேண்டியவருக்கு இல்லை.

படி 6: முதல் பதிவேற்றத்தைக் கணக்குப் போடுங்கள்

சேவையை வாங்கிய அன்று எல்லோரும் மறப்பது இணைய வேகம். விளம்பரத்தில் இருப்பது பதிவிறக்க வேகம், பேக்கப்புக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். உங்களிடம் 500 ஜிபி இருக்கிறது, பதிவேற்ற வேகம் 20 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 20 மெகாபிட்) என்று வைத்துக்கொள்வோம். 500 ஜிபி என்பது 40 லட்சம் மெகாபிட். அதை 20-ஆல் வகுத்தால் 2 லட்சம் விநாடி, கிட்டத்தட்ட 56 மணி நேரம். இடையில் இணைப்பு ஒரு முறைகூட அறுந்துபோகாமல், வேறு யாரும் அந்த இணைப்பைப் பயன்படுத்தாமல் இருந்தால்தான் இதுவும்.

வெள்ளிக்கிழமை மாலை தொடங்கினால் திங்கள் காலைக்குள் முடியலாம். வேலை நாளில் தொடங்கினால் பகலில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அலுவலகமே உங்களைத் திட்டும்.

இதே கணக்கைத் தலைகீழாகவும் போடுங்கள். எல்லாம் போய், மொத்தமாக இறக்க வேண்டும் என்றால்? 1 டிபியை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க 22 மணி நேரம் ஆகும். படி 2-ல் "நான்கு மணி நேரம்தான் தாங்குவோம்" என்று எழுதியிருந்தால், கிளவுட் நகல் மட்டும் போதாது என்பது இந்த வகுத்தல் கணக்கிலேயே தெரிந்துவிடும். அலுவலகத்திலேயே ஒரு வெளிவட்டிலோ நாஸ் பெட்டியிலோ (அலுவலக நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) இன்னொரு நகல் வேண்டும். சின்ன விபத்துக்கு அது கை கொடுக்கும், பெரிய விபத்துக்குக் கிளவுட். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பிரபலமாக்கிய 3-2-1 விதியும் இதையேதான் சொல்கிறது.

படி 7: திரும்ப ஏற்றிப் பாருங்கள்

என் சொந்த அவமானம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் கணக்குக் கணினிக்கு நான்தான் பேக்கப் அமைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு நாள் காலையும் பச்சை நிறத்தில் "வெற்றி" என்று மெயில் வரும். ஒருநாள் வட்டு செத்தது. பதற்றமில்லாமல் போய் உட்கார்ந்து திரும்ப ஏற்றினேன். கணக்கு திறந்தது. கடைசிப் பதிவு ஏழு மாதத்துக்கு முந்தையது.

நடந்தது என்னவென்றால், கணக்கு மென்பொருளைப் புதுப்பித்தபோது அது தன் தரவை வேறொரு ஃபோல்டருக்கு மாற்றிக்கொண்டது. பழைய ஃபோல்டரும் அங்கேயே கிடந்தது. நான் அமைத்த பேக்கப் அந்தப் பழைய ஃபோல்டரை ஒவ்வொரு இரவும் வெற்றிகரமாக நகலெடுத்துக்கொண்டிருந்தது. மெயில்களைத் திரும்பப் பார்த்தேன். ஏழு மாதமாக ஒரே அளவு, 412 எம்பி, ஓர் இலக்கம்கூட மாறவில்லை. தினம் பில் போடும் நிறுவனத்தின் தரவு ஒரே அளவில் இருக்குமா? மெயிலில் அது கண்ணெதிரே இருந்தது, பச்சை நிறத்தைப் பார்த்ததும் நான் மூடிவிட்டிருக்கிறேன். நல்ல வேளையாக ஆடிட்டர் மூன்று வாரத்துக்கு முன் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துப் போயிருந்தார். மூன்று வார பில்களை மறுபடி ஏற்றினோம், நானும் உட்கார்ந்து ஏற்றினேன்.

பெரியவர்களுக்கும் இது நடக்கும். 2017 ஜனவரி 31-ம் தேதி மூல நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், இரவு நேரத்தில், தவறான சர்வரில் ஒரு கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால், டேட்டாபேஸை வெளியே எடுக்கும் கருவியின் பதிப்பு பொருந்தாமல் அது எப்போதோ தோற்றுப்போயிருந்தது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இதையெல்லாம் மறைக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு.

எனவே மாதம் ஒரு முறை, பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை வேறு கணினியில் இறக்கித் திறந்து பாருங்கள். கோப்பு இருப்பதைப் பார்த்தால் போதாது, திறந்து கடைசிப் பதிவின் தேதியைப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஒரு புதுக் கணினியில் முழுவதையும் ஏற்றி, எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். படி 2-ல் எழுதிய ஆர்டிஓவைவிட அது அதிகமாக இருந்தால் இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும்.

படி 8: வெளியே போகும் வழி

உள்ளே போகும்போதே கதவைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஹோஸ்டிங் தளங்களில் தரவை உள்ளே ஏற்ற பெரும்பாலும் காசு இல்லை, வெளியே எடுக்க உண்டு. முற்றிலுமாக விலகிப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டணத்தை 2024 தொடக்கத்தில் கூகுள் கிளவுடும் ஏடபிள்யூஎஸும் தள்ளுபடி செய்தன. ஆனால் அன்றாடம் வெளியே போகும் தரவுக்கான கட்டணம் அப்படியேதான் இருக்கிறது. பேக்கப் சேவையிலும் திரும்ப எடுக்கும்போது காசு உண்டா என்று பாருங்கள்; படி 7-ன் சோதனைகளுக்கும் அது செலவாகும்.

டொமைன் பெயர், அதாவது உங்கள் தளத்தின் இணைய முகவரி, உங்கள் பெயரில் பதிவாகியிருக்கட்டும். தளம் செய்து கொடுத்தவரின் பெயரில் இருந்தால் இன்றைக்கே மாற்றிக்கொள்ளுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், அவருடைய மெயில் முகவரி நாளைக்கு இல்லாமல் போகலாம்.

கடைசியாக, படி 1-ல் போட்ட அதே தாளின் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள்: ஹோஸ்டிங் யாரிடம், பேக்கப் யாரிடம், எந்த மெயிலில், என்கிரிப்ஷன் சாவி எங்கே, கடைசியாகத் திரும்ப ஏற்றிப் பார்த்த தேதி என்ன. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அலுவலகத்திலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். தேதி எழுதும் இடத்தைக் கொஞ்சம் பெரிதாக விடுங்கள், மாதா மாதம் அடித்து எழுத வேண்டியிருக்கும்.